வீட்டு வேலிக்கு ஆடாதோடை

கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் வைத்துக்கொள்வது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவற்றோடு சேர்த்து வைக்கத் தகுந்த மற்றொரு செடி ஆடாதோடை. அது அதிகத் தண்ணீர் கேட்பதில்லை, தனி உரம் கேட்பதில்லை, காவலும் கேட்பதில்லை. ஆடும் மாடும் அதில் வாய் வைப்பதில்லையாதலால் வேலியோரத்தில் தானே வளர்ந்து நிற்கும். இருமலுக்கு மருந்து, வீட்டுக்கு வேலி, வயலுக்குத் தழை, நூலுக்கு மஞ்சட்சாயம் என நால்வகையில் அது நமக்குப் பயன்படும். நெசவாளரும் பயிரிடுவோரும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள நம் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடியைத் தேடிக் காண்பது அரிது.

இச்செடியை வளர்க்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் இங்கே எடுத்துரைப்போம். அத்துடன், எந்த இடத்தில் இதை நம்பியிராமல் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் விளக்குவோம். முன்னதை அறிந்தோர் நம்மிற் பலர். பின்னதை அறிந்தோர் சிலரே. மருந்துச் செடியைப் பொறுத்தவரை பின்னதே உயிர் காக்கும் அறிவாகும்.

பெயரும் உருவமும்

ஆடு தொடாத இலை என்பதே ஆடாதோடை என்று ஆயிற்று என்பர். வடமொழியில் இதற்கு வாசா என்றும், மலையாளத்தில் ஆடலோடகம் என்றும், இந்தியில் அடூசா என்றும் பெயர். நம் நாட்டார் வைத்த பெயர் கடல் கடந்தும் சென்றிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றிய பால் ஹெர்மன் அங்குள்ள செடிகொடிகளைச் சேகரித்துக் குறிப்பெழுதி வைத்தார். பின்னர் ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் உலகச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயரிட்டபோது, இதற்கு ஜஸ்டிசியா அடதோடா என்று பெயர் சூட்டினார். இன்றும் எந்த நாட்டுத் தாவர நூலைப் புரட்டினாலும் நம் ஊர்ப் பெயர் அதில் இருக்கக் காணலாம்.

இது ஏறக்குறைய ஆள் உயரம் வளரும் என்றும் பசுமையான குற்றுச்செடி. இலைகள் எதிரெதிராக அமைந்து, மாவிலையைப் போல் நீண்டு, இரு முனையும் கூராக இருக்கும். ஓர் இலை 4 அங்குலம் முதல் 8 அங்குலம் வரை நீளமுடையது. கணுக்கள் சற்றுப் பருத்திருக்கும். பூக்கள் கிளை நுனியில் கதிர்போல் கொத்தாக வரும், நிறம் வெண்மை, கீழிதழில் ஊதா நிறக் கோடுகள் ஓடும். இலையைக் கிள்ளி நாவில் வைத்தால் கடுங்கசப்பு. கூந்தலில் சூடும் கனகாம்பரமும், காய்ச்சலுக்குக் கொடுக்கும் நிலவேம்பும், ஓடைக்கரையில் முளைக்கும் நீர்முள்ளியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அங்கத்தினர்களுக்கு வியப்பளிக்கக்கூடும்.

வளர்க்கும் முறை

விதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. நன்கு வளர்ந்த செடி ஒன்று ஊரில் இருந்தால் போதும். மிக இளசும் மிக முற்றலும் அல்லாத கிளையைத் தேர்ந்து, 6 முதல் 8 அங்குல நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு துண்டுகளாக வெட்டிக்கொள்ளவேண்டும். அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுவது நலம். வேர் விடுமுன் இலை வழியே ஈரம் போய்விடாமல் இருக்க இது உதவும். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் புதையுமாறு நட்டு, மண்ணை இறுக அமுக்கி நீர் தெளிக்கவேண்டும்.

ஐப்பசியில் மழை தொடங்கும் சமயம் நேராக வேலியோரத்திலேயே நடலாம். மற்ற மாதங்களில் சிறு பைகளில் மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, நிழலில் வைத்து, வேர் பிடித்தபின் இடம் மாற்றி நடுவது உத்தமம். வேலியாக வளர்ப்பதானால் ஓரடிக்கு ஒரு கன்று. இலைக்காகத் தனிச்செடியாக வளர்ப்பதானால் மூன்றடி இடைவெளி வேண்டும். எம்மண்ணிலும் வரும், ஆனால் நீர் தேங்கும் இடத்தில் வேர் அழுகிவிடும். ஓரளவு நிழலையும் தாங்குமாதலால், மரத்தடியில் வேறொன்றும் வராத இடத்தையும் இதற்கு ஒதுக்கலாம்.

முதலாண்டு முடியும் வரை இலையை மிகுதியாகப் பறிக்கலாகாது. பின்னர் ஆண்டுக்கொருமுறை இரண்டடி உயரத்தில் வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் அடர்ந்து தழைக்கும். வெட்டிய கிளைகளே அடுத்த நடவுக்குக் குச்சிகளாகும். மருந்துக்குப் பழுப்பில்லாத முதிர்ந்த பச்சை இலையே ஏற்றது. சேமித்து வைப்பதானால், இலைகளைக் கழுவி, ஈரம் போக உதறி, நிழலில் பரப்பி, கையில் நொறுங்கும் பதம் வரும்வரை உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவைக்கவேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட சருகை உரக்குழியில் சேர்த்துவிடுவது நன்று.

இருமலுக்கு மருந்தாவது எவ்வாறு

பாடாத நாவையும் ஆடாதோடை பாடவைக்கும் என்பது நாட்டு வழக்கு. தொண்டையில் அடைத்த கோழையை இளக்கி வெளியேற்றுவதால் குரல் தெளிவடையும் என்பதே இதன் கருத்து. இந்த அனுபவ உண்மைக்கு ரசாயன ஆராய்ச்சியும் சான்று கூறுகிறது. சென்னை அரசாங்கத்தின் கொயினா ஆய்வாளராக உதகமண்டலத்தில் பணிபுரிந்த டேவிட் ஹூப்பர் 1888-ஆம் ஆண்டில் இவ்விலையிலிருந்து வாசிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு ஜெர்மனியில் உருவாக்கப்பட்டதே புரோம்ஹெக்சின் என்ற மருந்து. 1960-களில் விற்பனைக்கு வந்த அம்மருந்து இன்றும் பலவகை இருமல் பாகுகளில் சேர்க்கப்படுகிறது. மருந்துக் கடையில் நாம் விலை கொடுத்து வாங்கும் சீசாவுக்கும் நம் வேலிச் செடிக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. சீசாவில் மருந்தின் அளவு திட்டப்படுத்தப்பட்டிருக்கிறது. இலையிலோ, பருவத்தையும் இலையின் முதிர்ச்சியையும் பொறுத்துச் சத்தின் அளவு கூடும், குறையும். ஆகவே இலை மருந்தைச் சிறு அளவில், சில நாட்களுக்கு மட்டுமே கொள்ளவேண்டும்.

குடிநீர் செய்யும் வகை: முதிர்ந்த இலைகள் நான்கைந்தை எடுத்துக் கழுவி, நடுநரம்பை நீக்கி நறுக்கிக்கொள்க. மிளகு நான்கும் சிறிது சுக்கும் தட்டிச் சேர்த்து, இரண்டு தம்ளர் தண்ணீர் விட்டு, ஒரு தம்ளராகச் சுண்டும் வரை சிறு தீயில் காய்ச்சி வடிகட்டவேண்டும். வளர்ந்தவர்கள் காலையில் பாதியும் மாலையில் பாதியும் வெதுவெதுப்பாக அருந்தலாம். கசப்புத் தணியத் தேன் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை போதுமானது. அன்றன்று காய்ச்சியதையே அன்றன்று பயன்படுத்துக.

சாறு எடுக்கும் வகை: இவ்விலையை அப்படியே இடித்தால் சாறு எளிதில் இறங்காது. இட்லிப் பானையில் ஆவியில் சிறிது நேரம் வேகவைத்து, ஆறியபின் கசக்கித் துணியில் பிழிந்தால் சாறு வரும். அதில் இரண்டு தேக்கரண்டி எடுத்து, சம அளவு தேன் கலந்து உட்கொள்வது வழக்கம்.

வீட்டில் காய்ச்ச நேரமில்லாதோர் ஆடாதோடை மணப்பாகை வாங்கிப் பயன்படுத்தலாம். இதைச் சித்த மருந்துக் கடைகளில் பெறலாம். நாட்டு வைத்தியர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையிலேயே ஒரு மருந்துச்சாலையை 1944-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவினர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். இம்ப்காப்ஸ் என்ற பெயரால் அது அறியப்படுகிறது. 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது தமிழ்நாட்டில் பரவலாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

இப்பகுதியை அங்கத்தினர்கள் தாம் படிப்பதோடு வீட்டிலுள்ள பெண்களுக்கும் முதியோருக்கும் படித்துக் காட்டவேண்டுகிறோம்.

முதலாவது, கருவுற்ற பெண்களுக்கு ஆடாதோடையை எவ்வுருவிலும் கொடுக்கலாகாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது. கருவைக் கலைக்கவும் கூடும். ஜம்முவிலிருந்த பிராந்திய ஆராய்ச்சிக் கூடத்தார் இதை விரிவாக ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டுள்ளனர். இலைதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று எண்ணுவது பெருந்தவறு. கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருப்பினும் தவிர்த்தலே முறை. பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளுதல் கூடாது.

இரண்டாவது, குழந்தைகள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கொடுக்கலாகாது என்பது இன்றைய மருத்துவம் உறுதியாகக் கூறும் செய்தி. சிறு குழந்தைக்கு மூச்சு விரைந்து வாங்குதல், விலா உள்வாங்குதல், பால் குடிக்க மறுத்தல் ஆகிய குறிகள் தோன்றினால் குடிநீர் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

மூன்றாவது, நாட்பட்ட இருமல். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும், அரசாங்க மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுதல் அவசியம். இரத்தம் வரும் இருமலுக்கு ஆடாதோடையே மருந்து என்று பழைய வைத்திய மரபு கூறியது உண்மை. காசநோய்க்கு அந்நாளில் நேரான மருந்து இல்லை. இன்று உண்டு. கோழையை இளக்கும் இலை காசநோய்க் கிருமியை ஒழித்துவிடாது. இருமல் சற்றுத் தணிந்ததைக் கண்டு நோய் போயிற்றென்று நம்பியிருக்கும் அத்தனை நாட்களும், நோயாளியின் நுரையீரல் அரிக்கப்படுவதோடு, ஒரே கூரையின்கீழ் உறங்கும் பிள்ளைகளுக்கும் நோய் பரவிக்கொண்டிருக்கும்.

காசநோய் என்றதும் வீட்டைவிட்டு நெடுங்காலம் பிரிந்திருக்க வேண்டுமே, தறி நின்றுபோகுமே என்று அஞ்சிச் சோதனைக்கே போகாதவர்கள் உண்டு. இந்த அச்சம் நீங்குவதற்கு வழி செய்த ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடந்தது. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும் மற்றொரு பகுதியினரை வீட்டில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்து ஒழுங்காக மருந்துண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர் என்ற முடிவு 1959-இல் வெளியாயிற்று. உலக நாடுகள் பலவும் இம்முடிவைப் பின்பற்றின. இன்று மருந்துக்கு அடங்கும் சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதமே. சோதனையும் மருந்தும் அரசாங்க நிலையங்களில் இலவசம். நடுவில் நிறுத்தாமல் உண்பது ஒன்றே நோயாளி செய்யவேண்டுவது. மருத்துவரின் சம்மதத்தோடு ஆடாதோடைக் குடிநீரைத் துணையாக வைத்துக்கொள்வதில் தடையில்லை. அம்மருந்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்வதே ஆபத்து.

நான்காவது, பஞ்சுத் தூசியால் வரும் இருமல். நூற்பாலைகளில் பஞ்சை உதறும் பகுதியிலும் சிக்கெடுக்கும் பகுதியிலும் பல்லாண்டுகள் வேலை செய்தோருக்கு, வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டும் நோய் ஒன்று வருவதுண்டு. தொடக்கத்தில் அந்த ஒரு நாளோடு போகும். நாளடைவில் வாரம் முழுவதும் நிற்கும். முற்றிவிட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. இத்தகைய தொல்லைக்கு இலைச்சாறு அன்று ஒருநாள் ஆறுதல் அளிக்கலாம்; காரணமாகிய தூசி நுரையீரலுக்குள் சென்றுகொண்டேதான் இருக்கும். கைத்தறி வீடுகளில் தூசி அந்த அளவுக்கு இல்லையாயினும், நூல் சுற்றும் அறையைக் காற்றோட்டமாக வைத்தல், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் ஆகியவை வேண்டும். நெஞ்சு இறுக்கம் தொடர்ந்து வருமாயின் மருத்துவரிடம் தம் தொழில் இன்னதென்று மறவாமல் சொல்லவேண்டும்.

இவையன்றி, அளவு மிஞ்சிக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். வேறு நோய்களுக்கு நாள்தோறும் மருந்துண்பவர்கள் தம் மருத்துவரிடம் கூறியபின்பே இதைத் தொடங்குதல் நன்று.

வயலுக்கும் பத்தாயத்துக்கும்

வேலியைக் கத்தரிக்கும்போது கிடைக்கும் இலையும் இளங்கிளையும் நெல்வயலுக்கு நல்ல தழையுரம். நாற்று நடுவதற்கு முன், சேற்றில் மிதித்துவிட்டால் விரைவில் மக்கிவிடும். கால்நடை தின்னாத தழையாதலால் தீவனத்துக்கும் உரத்துக்கும் போட்டி ஏற்படாது என்பது சிறு விவசாயிக்கு ஒரு வசதி.

பூச்சிகளை விரட்டுவதற்கும் இது உதவும். ஆடாதோடை, நொச்சி, வேம்பு, எருக்கு, ஊமத்தை ஆகிய ஐந்தின் இலைகளை வகைக்கு ஒரு கிலோ எடுத்து இடித்து, 10 லிட்டர் கோமியத்தில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டிய ஐந்திலைக் கரைசலை இயற்கை முறைப் பயிரிடுவோர் பயன்படுத்துகின்றனர். 10 லிட்டர் நீருக்கு அரை லிட்டருக்கு மேற்படாமல் கலந்து மாலை வேளையில் தெளிப்பது முறை. முதலில் சில செடிகளுக்கு மட்டும் தெளித்து, இலை கருகாதிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. எருக்கும் ஊமத்தையும் நஞ்சுடையவை. ஆதலால் சமையலுக்குரிய உரலையோ பாத்திரத்தையோ இதற்கு எடுத்தல் கூடாது. உலர்ந்த ஆடாதோடை இலைகளைத் தானியப் பத்தாயத்தில் இடையிடையே போட்டுவைப்பதும், பழங்களை அடுக்கும்போது இவ்விலையைப் பரப்புவதும் பழைய வழக்கங்கள்.

நூலுக்கு மஞ்சட்சாயம்

இவ்விலையைக் கொதிக்கவைத்தால் மஞ்சள் நிறச் சாயம் இறங்கும். அவுரி நீலத்தோடு சேர்த்துப் பச்சை நிறம் காண்பதற்கும் முற்காலத்தில் இதைப் பயன்படுத்தினர். பருத்தி நூல் தாவரச் சாயத்தை எளிதில் பற்றிக்கொள்ளாது. ஆகவே முன்பக்குவம் தேவை.

சோதனைக்காக ஒரு கிலோ நூலை எடுத்துக்கொள்க. சிட்டங்களை நன்றாக வேகவைத்து அலசி, பசையும் எண்ணெயும் நீக்கவேண்டும். 200 கிராம் கடுக்காய்ப் பொடியை ஊறவைத்த நீரில் ஓர் இரவு போட்டுவைத்துப் பிழிந்து உலர்த்துக. பின்னர் 150 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஊறவைக்கவேண்டும். நறுக்கிய பச்சிலை இரண்டு கிலோவை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்நீரில் நூலை இட்டு, கொதிக்கவிடாமல் நல்ல சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டிருந்து, அதிலேயே ஆறவிட்டு அலசி, நிழலில் உலர்த்துக. இரும்புப் பாத்திரம் உதவாது. கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் நிறம் கறுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது.

சாயமிட்ட நூலை உடனே தறியில் ஏற்றிவிடலாகாது. ஒரு சிட்டத்தில் பாதியைக் காகிதத்தால் மூடிப் பாதியை ஒரு வாரம் வெயிலில் வைத்தும், மற்றொரு சிட்டத்தைச் சோப்பிட்டுப் பலமுறை துவைத்தும், நிறம் எவ்வளவு நிற்கிறதென்று கண்டுகொள்ளவேண்டும். இலைச்சாயம் ஒவ்வொரு முறையும் ஒரே சாயலில் வாராதாதலால், ஒரு புடவைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தொட்டியில் தோய்த்தல் அவசியம். தேறாத நிறத்தைத் தேறியதென்று விற்றால் கெடுவது ஒரு நெசவாளரின் பெயர் மட்டுமன்று. சங்க முத்திரை பெற்ற துணி அனைத்தின் பெயருமாகும்.

சங்கம் செய்யக்கூடியது

நன்கு வளர்ந்த ஓர் ஆடாதோடைச் செடியை ஒருமுறை கத்தரித்தால் பல குச்சிகள் கிடைக்கும். சங்கக் கட்டிடத்தின் சுற்றிலும் இதை வேலியாக நட்டால், அடுத்த ஆண்டே விரும்பும் அங்கத்தினர்களுக்கெல்லாம் விலையின்றி வழங்கலாம். ஒவ்வொரு கன்றோடும் சிறு அட்டை ஒன்றைக் கட்டி, அதில் மூன்று வரிகள் எழுதுக: கருவுற்றோர் உட்கொள்ளலாகாது, கைக்குழந்தைக்குக் கொடுக்கலாகாது, இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனை தேவை.

கன்றைப் பெற்றுச் செல்லும் அங்கத்தினர் அந்த அட்டையைச் செடியிலேயே விட்டுவிடாமல் அடுக்களைச் சுவரில் மாட்டிவைப்பாராக. செடி வேலியில் வளரட்டும்; அதன் அளவு நம் நினைவில் நிற்கட்டும்.